இரும்புக்கு எண்ணெய் போட்டவன் எழுதுவது

பாசமுள்ள தங்கைக்கு, உன் ஒரே அண்ணன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உன் மகன் வீட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலி, உன் அண்ணிக்கு என்னால் தலைவலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். ஆறு வருடமாக வாயைத் திறக்காதவன் இன்றைக்கு ஏன் திறக்கிறான் என்று கேட்பாய். கேள், அப்படியாவது என்னோடு ஒரு வார்த்தை பேசு.

விஷயம் இதுதான். உன் மகள் வாண்டுவை உடனே திரும்பக் கூப்பிட்டுக்கொள். முப்பத்தொரு வயதுப் பெண்ணை இன்னும் வாண்டு என்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. அவள் பெரிய ஆள்தான், கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்கிற நிறுவனத்தில் பொறியாளர், கழுத்தில் அட்டை, காலில் முழங்கால்வரை பூட்ஸ், பேச ஆரம்பித்தால் குழி தோண்டுகிற இயந்திரக்காரரே கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார். இருந்தாலும் தாய்மாமனுக்கு வாண்டு வாண்டுதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்காத பெண். "மாமா, எங்க வீட்டுக் கிணத்தச் சரி பண்ண வந்திருக்கேன். ஆபீஸ் வேலதான், நகராட்சி ஒத்துக்கிச்சு. எங்க வீட்டுல கரண்ட் இல்ல, அதனால இங்கதான் தங்கணும். ஆனா பழைய பேச்சு எதுவும் வேணாம், சரியா?" என்றாள். "உள்ள வாம்மா" என்றேன். அதற்குள் உன் அண்ணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அது பழைய பேச்சில் சேருமா சேராதா என்று அந்தப் பெண்ணுக்கே குழப்பமாகிவிட்டது.

பழைய பேச்சு என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் பக்கத்தை ஒரு தடவை எழுத்தில் வைத்துவிடுகிறேன், நேரில் நீ கேட்டதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர், என் பக்கம் பட்டறை, உன் பக்கம் கிணறு. நான் லேத்தில் இரும்புக் கதவுக் கைப்பிடி கடைந்து, குரோம் முலாம் பூசி விற்றேன். முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீரைப் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றினேன். ஒளித்தா ஊற்றினேன்? எல்லாரும் பார்க்கத்தான் ஊற்றினேன். உன் கிணற்று நீர் மஞ்சளானது, வாண்டு ஒரு பாட்டில் தண்ணீரைத் தான் முன்பு படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள், குரோமிய விஷம் என்று தாள் வந்தது, நகராட்சி வந்து கிணற்றுக்கு சிமெண்ட் மூடி போட்டுவிட்டுப் போனது. நான் அந்த வாரமே முலாம் தொட்டிகளை மூடினேன். ஆனால் நீ என்ன செய்தாய்? சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. என் முன்னால் வந்து நின்று, "அண்ணே, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். தெரியாது என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் ஊருக்குப் போய்விட்டாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மழைத்தண்ணீரை வடிகட்டுகிற மண் என் தண்ணீரை வடிகட்டாதா என்று நினைத்த முட்டாள் நான். முட்டாளாக இருப்பது குற்றம் என்றால் இந்தத் தெருவில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும்.

சரி, வாண்டு கதைக்கு வருகிறேன். முதல் மாதம் முழுக்க உன் தோட்டத்திலும் சுவரோரத்திலும் துளை போட்டுக் குழாய் இறக்கினாள். வாராவாரம் ஒவ்வொரு குழாயிலிருந்தும் தண்ணீர் எடுத்துச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி, எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். உன் அண்ணி பால் எடுக்கப் போனால் கை தவறி விஷத்தை எடுத்துவிடுவோமோ என்று பயந்து, பெட்டியின் கதவில் ஒரு பக்கம் 'குடிக்க', ஒரு பக்கம் 'சாக' என்று எழுதி ஒட்டினாள். அப்புறம் என்னமோ நுண்ணுயிர் மண்ணுக்குள் இருக்கிறதாம், அதற்குச் சாப்பாடு போட்டால் அது பெருகி விஷத்தை முறிக்குமாம். சாப்பாடு என்ன தெரியுமா? சர்க்கரைப் பாகு! பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து குழாயில் ஊற்றினாள். எனக்குக் காபியில் அரை ஸ்பூன் சர்க்கரைக்கு மேல் தர மாட்டேன் என்கிற உன் அண்ணி, கண்ணுக்குத் தெரியாத ஜீவனுக்குப் பீப்பாயில் பாகு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் எறும்பு வந்தது. எறும்பு என்றால் சாதாரண எறும்பா? படை. சுவர் ஏறி, ஜன்னல் ஏறி, என் படுக்கை ஏறி, கடைசியில் வாண்டுவின் கணினிக்குள் புகுந்தது. விஷம் கொஞ்சம் இறங்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வேகத்தில் போனால் கிணறு சுத்தமாக இருபது வருடம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். இருபது வருடம் எறும்போடு குடித்தனம் நடத்த முடியாது என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஒரு நாள் சாப்பிடும்போது வாண்டு சொன்னாள், "இரும்பு போடலாம்னு பாக்கறேன் மாமா. வெறும் இரும்பு."

எனக்குத் தட்டில் கை நின்றுவிட்டது. நாற்பது வருடமாக இரும்போடு வாழ்ந்தவன் முன்னால் இரும்பு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நிலத்துக்கு அடியில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுவதில்லையாம், துணியில் ஈரம் பரவுவது போல மெல்ல நகருமாம், நம் இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு சாண். அது போகிற வழியில் குறுக்கே நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, இரும்புத் தூளும் மணலும் கலந்து நிரப்பிவிட்டால், தண்ணீர் அதற்குள் புகுந்துதான் கிணற்றுக்குப் போக வேண்டும். போகிற போக்கில் மஞ்சள் விஷத்தின் குணத்தை இரும்பு மாற்றிவிடும். குணம் மாறியது பச்சையாகி மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும், தண்ணீரோடு வராது. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்கத்தான் இது நடக்கும் என்றும் அப்போதே சொன்னாளாம். சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னாலேயே "உங்க பட்டறையில கடைசல் தூள் இருக்குமா மாமா?" என்று கேட்டுவிட்டாள், அதற்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. உன் வீட்டு மனிதர்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்டு ஆறு வருடமாகிறது, தங்கச்சி.

இருக்குமாவா? பட்டறை மூலையில் பதினோரு வருடத்துத் தூளும் சுருளும் மலையாகக் கிடந்தது. "எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லாம கழுவிக் குடுங்க, அதான் முக்கியம்" என்றாள். கழுவினேன். சோடா கரைத்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அலசி, வெயிலில் பரப்பி, பத்து நாள் இடுப்பு ஒடிய வேலை செய்தேன். எழுபத்து மூன்று மூட்டை. கடைசி மூட்டையைக் கட்டிவிட்டு முதல் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறேன், மேலாக லேசாகச் சிவந்திருக்கிறது. துரு! கழுவிய இரும்பை எண்ணெய் காட்டாமல் வைக்கிறவன் கடைசல்காரனே இல்லை. தொழில் கற்றுக்கொண்ட முதல் நாள் என் வாத்தியார் கன்னத்தில் அறைந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது. அழுக்கு எண்ணெய் வேண்டாம் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள், நல்ல எண்ணெயை வேண்டாம் என்றாளா? மண்ணுக்கு அடியில் காலமெல்லாம் நிற்கப்போகிற சுவர், அது துருப்பிடித்துப் போனால் யாருக்கு லாபம்? விலை உயர்ந்த, புகை வராத, மணம் கூட இல்லாத மெஷின் எண்ணெய் இரண்டு பெரிய டின் வைத்திருந்தேன், என் லேத்துக்கே நான் சிக்கனமாக விடுகிற எண்ணெய். அத்தனை மூட்டையையும் பிரித்து, கையாலேயே பிசறி, ஒரு தூள் விடாமல் மினுமினுவென்று பூசிக் கட்டி வைத்தேன். சொல்லிக்காட்டக் கூடாது என்று வாண்டுவிடம் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து யாராவது தோண்டிப் பார்த்து, இரும்பு புதுசு போல இருக்கிறதே, யார் செய்த வேலை என்று கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இயந்திரம் வந்தது. சுவரை ஒட்டி உன் பக்கம் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டியதே நான்தான், குழி இருந்த இடம் எனக்குத்தானே தெரியும். மூட்டைகள் இறங்கின. மணலோடு கலக்கும்போது கலவை கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது என்று இயந்திரக்காரர் சொன்னார், மழை ஈரமாக இருக்கும் என்று நான் சொன்னேன். மூடினார்கள். வாண்டு மூடிய மண்ணின் மேல் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் என் லேத் முன்னால் நின்று சுருள் பறப்பதைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பாள்.

முதல் மாதம் விஷம் இறங்கவில்லை. பொறுக்கணும் என்றாள். இரண்டாம் மாதமும் இறங்கவில்லை. மூன்றாம் மாதம் குழாய்த் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஏதோ மிதந்தது. அவளுடைய மேலதிகாரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, பள்ளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "புத்தகத்துல படிக்கிறதெல்லாம் தரையில நடக்காதும்மா. முடியலன்னு ஒரு அறிக்கை எழுதிட்டு வேற வேலையப் பாரு. கிணத்தக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிடலாம்" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களையில் உன் அண்ணியிடம், "அத்தை, நான் படிச்சதே தப்போ? எங்க வீட்டுக் கிணத்துக்காகத்தான் இதப் படிச்சேன், அதையே என்னால சரி பண்ண முடியலன்னா அப்புறம் என்ன?" என்று கேட்டது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கையில் இருந்த செய்தித்தாளில் ஒரு எழுத்து தெரியவில்லை.

எழுந்து போய் அடுக்களைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சும்மா கேட்பது போல, "ஏம்மா, அந்த இரும்பு மேல தப்பித் தவறி ஒரு சொட்டு எண்ணெய் பட்டா என்ன ஆகும்?" என்றேன்.

வாண்டு மெதுவாகத் திரும்பினாள். "எத்தன சொட்டு மாமா?"

"ஒரு... நாற்பது லிட்டர்."

உன் அண்ணி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வாண்டு என்னையே பார்த்தாள். கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன், சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது. "மாமா, அது துருப்பிடிக்கணும் மாமா. துருப்பிடிக்கிறதுதான் அதோட வேல. தன்னையே கொடுத்துத்தான் அது விஷத்த மாத்துது. நீங்க அதுக்கு ரெயின்கோட் போட்டு இறக்கிவிட்டிருக்கீங்க" என்றாள். அப்புறம்தான் கவனித்தேன், அது பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டிருந்தது. நான் என்ன செய்ய? அசடு வழிய நின்றேன்.

மறுநாளே பள்ளத்தைத் தோண்டி அத்தனையையும் வெளியே எடுத்தோம். எண்ணெய் ஊறிய மண்ணைத் தனியாகப் பிரித்து வண்டியில் அனுப்பினாள். மணலை அரித்துப் பிரித்து, இரும்பை மறுபடி கழுவினோம். இந்தத் தடவை உன் அண்ணி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கூட எங்கேயோ ஒளித்துவிட்டாள், பத்து நாள் தலைக்குத் தடவ எண்ணெய் இல்லாமல் பரட்டையாகத் திரிந்தேன். மூட்டை மூட்டையாக இரும்பு என் கண் முன்னால் சிவந்தது. சிவக்கச் சிவக்க வாண்டு, "அழகா இருக்குல்ல மாமா?" என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. வாழ்க்கை முழுவதும் எதைக் கிட்டே சேர்க்காமல் விரட்டினேனோ, அதை அழகு என்கிறாள் இந்தப் பெண். ஆனால் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் சொன்னாள், கெட்டுப்போனதைச் சுத்தம் பண்ணுவது என்றால் ஒன்று தோண்டி எடுத்து இன்னொருத்தன் தலையில் கட்ட வேண்டும், இல்லை இருக்கிற இடத்திலேயே பூட்டி வைக்க வேண்டும், இல்லை அதன் குணத்தையே மாற்ற வேண்டும், மாயமாக மறையவைக்கிற வித்தை எதுவும் கிடையாது என்று. நான் இத்தனை நாளும் தண்ணீரில் விட்டால் போய்விடும் என்று நினைத்தேன். எங்கே போகும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுபடி பள்ளத்தை நிரப்பினோம். மூன்றே வாரத்தில் விஷம் சரசரவென்று இறங்கியது. பாதிக்கு வந்தது. வாண்டு வீட்டுக்குள் வந்து உன் அண்ணியைத் தூக்கிச் சுற்றினாள், அவள் எடைக்கு அது சாதாரணக் காரியமில்லை. அந்தப் பாதியோடு நின்றுவிட்டது. அப்புறம் வாரம் வாரமாக அதே பாதி. மேலதிகாரி இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் குடிக்கத் தகுந்த அளவுக்கு வராவிட்டால் அவள் பெயர் போட்டு 'முறை தோற்றது' என்று அறிக்கை போகும், கிணற்றில் கல்லைக் கொட்டுவார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று தடவை என்னிடம் கேட்டுவிட்டாள். "மாமா, பள்ளம் சரியா வேல செய்யுது. ஆனா அதச் சுத்தி வேற எங்கேர்ந்தோ மஞ்சள் வந்துட்டே இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, குழி ஒண்ணுதானா?" ஒண்ணுதான் என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டேன். ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பார்கள்? நீயாவது ஒரு தடவையோடு விட்டாய்.

ஆகையால் சொல்கிறேன், அவளைக் கூப்பிட்டுக்கொள். நீ ஒரு போன் போட்டு வா என்றால் வந்துவிடுவாள். பெண் பாதியாக இளைத்துவிட்டாள், வேளைக்குச் சாப்பிடுவதில்லை, வெயிலில் கறுத்துவிட்டாள், இப்படியே போனால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பாதி விஷம் போனதே பெரிது. கிணறுதானே, போகட்டும், நீ என்ன திரும்பி வரவா போகிறாய்? ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்குக் கிணறு? தோற்றது என்று ஒரு அறிக்கை எழுதினால் தலையா போய்விடும், நான் எத்தனை கைப்பிடி கோணலாகக் கடைந்திருக்கிறேன். மாமன் என்கிற உரிமையில் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளையின் இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொல். உன் மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், அவர்கள் என்னை நினைவு வைத்திருந்தால். உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது என்றாலும் தெரிந்தால் அப்படித்தான் சொல்வாள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் மேல் என்றும் குறையாத அன்புள்ள,
அண்ணன்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நான்கு நாளாகிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டிவரை இரண்டு முறை போய், போடாமல் திரும்பி வந்தேன். வாண்டுவைக் கூப்பிடாதே. நான் கெஞ்சிக் கேட்டேன் என்பதை மறந்துவிடு.

குழி இரண்டு. பின்பக்கக் குழி நிரம்பி வழிய ஆரம்பித்தபோது, பத்து வருடத்துக்கு முன்னால், யார் கண்ணுக்கும் படாமல் பட்டறைக்கு உள்ளேயே இன்னொன்று வெட்டினேன். தொட்டிகளை மூடின வாரம் அதை சிமெண்ட் போட்டு மெழுகி, மேலே லேத்தை நகர்த்தி வைத்துவிட்டேன். நேற்றுக் காலையில் ஜாக்கி கொடுத்து லேத்தைத் தள்ளினேன். உன் அண்ணி ஏன் என்று கேட்கவில்லை, கூட நின்று குழாய் உருளையை அடியில் கொடுத்தாள். சிமெண்டை உடைத்துவிட்டு வாண்டுவைக் கூப்பிட்டேன். உள்ளே மண் பளிச்சென்ற மஞ்சளில் இருந்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். அப்புறம் பாட்டிலை எடுத்து மண் அள்ளி, பெயர் ஒட்டும் தாளைப் பிரித்து, "எந்த வருஷத்துலேர்ந்து மாமா?" என்றாள். சொன்னேன். "எத்தன வருஷம் ஊத்துனீங்க?" நாலு என்றேன். எழுதிக்கொண்டாள். "இது தெரிஞ்சிருந்தா மொத நாளே இங்க தோண்டியிருப்பேன்" என்றாள். மேலதிகாரிக்குப் போன் போட்டு, விஷம் வருகிற இடம் கிடைத்துவிட்டது, மண்ணை எடுத்துவிட்டு இன்னொரு பள்ளம் போட மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்துவிட்டார். கிணறு பிழைத்துவிடும் என்கிறாள். பட்டறை பிழைக்காது, தரையை முழுக்கப் பெயர்க்க வேண்டும். பெயர்க்கட்டும். போகும்போது வாசலில் நின்று, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அதனால் சொல்கிறேன். மண் வடிகட்டும் என்று நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. உள்குழியை வெட்டும்போதே மஞ்சள் உன் சுவர்வரை போயிருந்ததைப் பார்த்தேன். ஆர்டர் குவிந்து கிடந்த காலம், தொட்டியை நிறுத்த மனம் வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீ சுவருக்கு மேலே ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினாய். "அண்ணே, தண்ணி லேசா மஞ்சளா இருக்கு பாரேன், குடிக்கலாமா?" என்றாய். நான் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இலை ஊறின நிறம், ஒண்ணும் பண்ணாது" என்று திருப்பிக் கொடுத்தேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு ஒரு வருடம் நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தீர்கள், நான் குடித்ததைப் பார்த்த நம்பிக்கையில். உன் விரலிடுக்கில் ஆறாத புண் வந்தபோது களிம்பு வாங்கி வந்து கொடுத்ததும் நான்தான்.

அன்றைக்கு நீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், நான் பட்டறைக்குப் பின்னால் போய்த் தொண்டையில் விரலை விட்டு அத்தனையையும் வாந்தி எடுத்தேன். தெரியாதவன் அப்படிச் செய்வானா, தங்கச்சி? எனக்குத் தெரியும்.